ஏழாம் மலையில் ஏற்றிய கொடி

அந்த ஜப்பான் பொம்மைப்படத்தின் தொடக்கத்தை நான் ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அது ஆரம்பித்துவிடும். எங்கள் தோட்டத்து ஜெனரேட்டரை ஆறு மணிக்குத்தான் முடுக்குவார்கள். கிராணி வீட்டு டிவி கண்விழித்து, கோடு கோடாக ஓடி, ஒரு நிதானத்துக்கு வருவதற்குள் கதை பாதி நடந்து முடிந்திருக்கும். கேமரன் மலையில், ரிங்லெட் அணைக்கட்டுப் பக்கம் உற்பத்தியாகிற மின்சாரம் எங்கள் மலையைத் தாண்டித்தான் கம்பியில் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போகிற வழியில் எங்கள் லைன் வீடுகளை எட்டிப் பார்க்க அதற்கு நேரமில்லை போலிருக்கிறது.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. தோட்டத்தில் இரண்டே டிவி. ஒன்று துரையின் பங்களாவில் இருந்தது. அந்தப் பக்கம் போக நாய் விடாது. மற்றது கிராணி வீட்டில். கிராணி என்பது ஆபீஸ் எழுத்தருக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பெயர். வெள்ளைக்காரன் போன பிறகும் துரை, கிராணி, கங்காணி என்ற பதவிகள் அப்படியே இருந்தன. ஆட்களின் நிறம்தான் மாறியிருந்தது. கிராணி வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய தேயிலைப் பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பார்ப்போம். சத்தம் போட்டால் கிராணியின் மனைவி ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஆகையால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கற்றவர்கள்.

படத்தின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. பெயர் போடுகிற நேரத்தில் கரண்ட் இருக்காது. ‘கப்பல் பிள்ளைங்க’ என்று நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். மீன்பிடிக்கிற ஊர் ஒன்றில் ஐந்து பிள்ளைகள். கரை மணலில் புதைந்து கிடக்கும் உடைந்த படகுதான் அவர்களுடைய கப்பல். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, கடற்கொள்ளைக்காரர்களாக விளையாடுவார்கள். காயப்போட்ட கருவாட்டைக் கொள்ளையடிப்பார்கள்; பிறகு கருவாட்டுக்காரியிடம் மாட்டிக்கொண்டு குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். ஜப்பான் பிள்ளைகள் மலாயில் பேசினார்கள். டிவிக்குள் இருப்பவர்கள் வேறு எதில் பேசுவார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவர்களுடைய படகு ஒருநாளும் கடலுக்குள் போனதில்லை. எங்கள் விஷயம் அதைவிட மோசம். கொள்ளைக்காரர்களாக விளையாடும் பிள்ளைகளைப் போல நாங்கள் விளையாடினோம், அவ்வளவுதான். எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததுகூட இல்லை.

நாங்கள் என்றால் நால்வர், இரண்டு பெண், இரண்டு ஆண். கிராணி மகள், பெரியப்பா மகன், நான், என் தம்பி. பெரியப்பா மகனுக்குப் பதினொரு வயது. மரம் ஏறுவான், பாம்பைக் கண்டால் கல்லெடுப்பான். கேப்டன் ஆகிற தகுதி அத்தனையும் அவனிடம் இருந்தது. ஆனால் கேப்டன் கிராணி மகள்தான். அவளுக்குப் பத்து வயது, அட்டையைக் கண்டாலே அலறுவாள். டிவி அவள் வீட்டில் இருந்தது. வல்லவன் வகுத்ததே வாய்க்கால். எனக்கு ஒன்பது வயது. தலைத்துணி, கண்பட்டை, கொடி ஆகியவை என் பொறுப்பு. தம்பிக்கு ஐந்து. அவன் எப்போதும் கைதி. ஒருநாளாவது நானும் கொள்ளைக்காரனாக இருக்கிறேனே என்று அழுவான். அழுகிறவன் கைதியாக இருப்பதுதான் பொருத்தம் என்று கேப்டன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எங்கள் கப்பல் ஏழாம் நம்பர் மலையில் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, உச்சிக்குச் சற்றுக் கீழே, லோரி அளவுக்கு ஒரு பாறை. மதியம் சாய்ந்தால் பள்ளத்திலிருந்து பனி ஏறி வரும். முதலில் லைன் வீடுகள் மறையும், பிறகு ரோடு, பிறகு காலடிச் செடிகள். கடைசியில் பாறையும் நாங்களும் மட்டும் மிஞ்சுவோம். கடல் இல்லாத குறை எங்களுக்கு அதோடு தீர்ந்தது. தேயிலைக்குள் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். கங்காணி பார்த்தால் எங்களை விட்டுவிட்டு எங்கள் அப்பன்மாரை ஏசுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தானா ராத்தா டவுனுக்குப் போய்விடுவார். ஆகையால் ஞாயிறுதோறும் கப்பல் புறப்படும்.

அப்பாவின் வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். முதுகில் டேங்கைச் சுமந்து தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிக்கிற நான்கு பேரில் அவர் மூத்தவர். மருந்து அடித்த மலையில் ஏழு நாளைக்கு யாரும் கொழுந்து எடுக்கக் கூடாது. பலகையில் எழுதி வைத்தால் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், எப்போதோ இருந்த ஒரு துரை கொடி ஏற்பாடு ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருந்தார். உரச்சாக்கை விரித்து, அதில் தாரால் ஒரு மண்டை ஓடும் இரண்டு எலும்பும் வரைந்து, மூங்கிலில் கட்டி மலையின் வாயிலில் நடுவார்கள். கொடி நிற்கிற வரை ஒரு கூடையும் உள்ளே போகாது. படம் வரைவது அப்பா. அவருக்கு வரையத் தெரியாது. அவருடைய மண்டை ஓடுகள் எல்லாம் பல்வலி வந்தவன் முகத்தோடு இருக்கும். ஆனாலும் கங்காணியின் வாய்க்கு அடங்காத பெண்கள்கூட அந்த முகத்துக்கு அடங்கினார்கள்.

அந்த வருடம் ஏழு நாள் ஐந்தாகி, ஐந்து மூன்றாகியிருந்தது. ஃபேக்டரிக்குக் கொழுந்து பற்றவில்லை என்று மேலிடத்தில் சொன்னார்களாம். அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போகிற அத்தைக்கு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். கரண்டியால் சாப்பிடுவது பங்களாப் பழக்கம் என்று நான் அவள்மீது பொறாமைப்பட்டேன். பெண்கள் கூடிப் போய்க் கங்காணியிடம் முறையிட்டார்கள். அவர் ஆபீஸில் சொல்வதாகச் சொன்னார். ஆபீஸில் சொன்னது எங்கே போகும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பேச்செல்லாம் எங்கள் வீட்டு அடுப்படியில் நடக்கும்போது அப்பா வாயே திறக்கமாட்டார். கொடியை நடுகிறவரும் பிடுங்குகிறவரும் அவர்தானே.

ஒரு சனிக்கிழமை கப்பல் பிள்ளைகள் தங்கள் படகில் கொடி ஏற்றினார்கள். கறுப்புத் துணியில் சிரிக்கும் மண்டை ஓடு. தூரத்தில் வந்துகொண்டிருந்த பெரிய கப்பல் ஒன்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அது வேறு ஏதாவது காரணத்துக்காகத் திரும்பியிருக்கலாம்; அதைப் படத்தின் முதல் பாதியில் சொல்லியிருப்பார்கள். எங்களைப் பொறுத்தவரை அது கொடிக்குப் பயந்துதான் போனது. ஜன்னலுக்குள்ளிருந்து கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொடி என் பொறுப்பு.

அதற்காக நான் அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்பக்கம் விறகு அடுக்கில் அப்பாவின் மருந்துக் கொடி ஒன்று சாய்ந்து நின்றது. கொடிகளை எப்போதும் ஸ்டோரில்தான் வைத்துப் பூட்டுவார்கள். இது மட்டும் எப்படி வீட்டுக்கு வந்தது என்று நான் யோசிக்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால், ஏன் வந்தாய் என்று யாராவது கேட்பார்களா?

மறுநாள் மதியம் கொடியைச் சுருட்டிக்கொண்டு மலையேறினோம். பாறைமேல் விரித்து வைத்து அடுப்புக்கரியால் நான் சில திருத்தங்கள் செய்தேன். தலையில் ஒரு தொப்பி, ஒரு கண்ணுக்குப் பட்டை, காதுவரைக்கும் ஒரு சிரிப்பு. அப்பாவின் பல்வலிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குணமாகிவிட்டான். மருந்துக் கொடியை எடுத்து விளையாடுகிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. மருந்துக் கொடி சிரிக்காது. மூங்கிலைப் பாறை வெடிப்பில் செருகியதும் அது நன்றாகவே பறந்தது. செடிகளிலிருந்து மருந்து வாடை அடித்தது. எங்கள் வீட்டில் அது அப்பாவின் சட்டை வாடை. தினம் அதன்மேல் தலைவைத்துத் தூங்கிய பிள்ளைகளுக்கு அதில் எச்சரிக்கை எதுவும் தெரியவில்லை.

தம்பியைத் தலைத்துணியால் கட்டிச் செடிகளுக்கு அடியில் படுக்கவைத்தோம். படத்தில் கைதிக்குக் கடற்பாசியைத் தின்னக் கொடுப்பார்கள். எங்களிடம் கொழுந்து இருந்தது. அம்மா செய்வதைப் போலவே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நானே கிள்ளினேன். கசக்கிறது என்று துப்பினான். ஒரு கைப்பிடி தின்றால் அடுத்த வாரம் அவனையும் கொள்ளைக்காரனாகச் சேர்த்துக்கொள்வதாகக் கேப்டன் வாக்குக் கொடுத்தாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு தின்றான். முழுவதையும் தின்றுவிட்டு வாயைத் திறந்து காட்டினான்.

பனி ஏறியபோது அவன் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். அவன் கட்டை அவிழ்த்துவிட்டு இறங்கினோம். கொடியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கப்பலில் கொடி இறங்கக் கூடாது என்றாள் கேப்டன். இறங்குகிற வழியிலேயே எங்கே விளையாடினோம் என்று யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தம்பி இரண்டு முறை வாந்தியெடுத்தான். கண் சிவந்து, வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. அம்மா, கண் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். எங்கே விளையாடினீர்கள் என்று அப்பா கேட்டார். கோயில் மேட்டில் என்றேன். நம்பினார். பிறகு அம்மாவிடம், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்றார். பிள்ளை தூங்கிவிட்டான், காலையில் சரியாகிவிடும், இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றாள் அம்மா. விடிந்ததும் அப்பா அதையே மறுபடி சொன்னார். அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஏழாம் மலை இன்னைக்கிக் கொழுந்துச் சுத்து. போவாட்டி கங்காணி பேர வெட்டிருவாரு லா,” என்றாள். பெரட்டுத் திடலில் பேர் கூப்பிட நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரும் புறப்பட்டுப் போனார்கள்.

தம்பி கொஞ்சம் தேறியிருந்தான். கஞ்சி குடித்தான், மறுபடி படுத்தான். பனி விலகியதும் நான் லைனுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். எங்கள் பின்வாசலிலிருந்து ஏழாம் மலை நேரெதிரே தெரியும். பாறைமேல் கொடி. கீழே ரோட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடச் செடிக்குள் இறங்கவில்லை. சிரிப்பும் தொப்பியும் அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. மண்டை ஓடு மட்டும் தெரியும். பெரிய கப்பல் திரும்பிப் போனது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எனக்கு வந்தது பெருமையா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

பிரசவமாகி வேலைக்குப் போகாமல் இருந்த பக்கத்து வீட்டு அக்காதான் சேதி சொன்னாள். பெண்கள் கொடியைக் காட்டி உள்ளே போக மறுத்துவிட்டார்களாம். கங்காணி, இந்த மலையில் மருந்தே அடிக்கவில்லை என்று கத்தினாராம். அப்படியானால் நீங்களே போய்க் கொடியை எடுத்துவாருங்கள் என்றார்களாம். கங்காணிக்கு உடனே முழங்கால் வலி வந்துவிட்டதாம். கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து, அவரும் ரோட்டிலேயே நின்றுகொண்டாராம். இப்போது துரையே வந்துவிட்டார், கொடிக்குப் பொறுப்பாளி என்று உங்கள் அப்பாவைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார் என்றாள். உத்தரவில்லாமல் கொடி வைத்தது அவர்தான் என்றால் வேலையும் போகும், வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு, கைப்பிள்ளை அழவே உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சத்தியம் மறந்துபோயிற்று. தம்பியை எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் அவன் உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கொடியை எடுத்துவரத் துரை அவரைத்தான் அனுப்பியிருக்கிறார். சாக்கைப் படம் உட்புறமாக இருக்கும்படி இறுக்கிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அதுவரை பெரியவர்களில் அந்தச் சிரிப்பை அப்பாவைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. பெண்கள் எழுந்து நின்றார்கள். அம்மாவும் அத்தையும் முன்னால் நின்றார்கள். துரை சத்தம் போடுகிறவர் அல்ல. ஜீப்பின் கதவில் சாய்ந்தபடி, இதை யார் வைத்தது என்று மட்டும் கேட்டார். கங்காணி அப்பாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதைப் போல.

“சனிக்கெழம மருந்து அடிச்ச மலைங்க தொரை,” என்றார் அப்பா. “கொடிய நாந்தான் வச்சேன்.”

அவர் சொன்னது இரண்டே வாக்கியம். இரண்டாவது பொய் என்று எனக்குத் தெரியும். ஆகவே முதலாவதும் பொய்தான் என்று முடிவு கட்டினேன். பொய் சொன்னதற்காக என்னை விளக்குமாற்றால் அடித்த அப்பா, இத்தனை பேருக்கு முன்னால் எனக்காகப் பொய் சொல்கிறார். அத்தை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்பாவையே பார்த்தாள். இரண்டு தடவை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னவரை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

யார் சொல்லி வைத்தாய் என்று துரை கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றார் அப்பா. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அப்பா வைக்கல,” என்றேன். “நாங்கதான் வச்சோம். நேத்து பாறையில கப்பல் வெளையாண்டோம். தம்பியக் கட்டிப்போட்டு கொழுந்து குடுத்தோம். தின்னுட்டான்.”

அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு விவரமாகச் சொல்கிறோமோ அவ்வளவு நம்புவார்கள் என்பதற்காக, ஒரு கைப்பிடி என்று கையை மூடியும் காட்டினேன். அப்பாவின் கக்கத்திலிருந்து கொடி நழுவி விழுந்தது. அம்மா ஒரு மாதிரிக் கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அப்பா என் இடுப்பிலிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு, என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அடி விழப்போகிறது என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

ரோட்டோரத்தில் மலைத்தண்ணீர் விழுகிற மூங்கில் குழாய் ஒன்று உண்டு. எங்கள் இருவரின் உடுப்பையும் கழற்றி எறிந்துவிட்டு அதன் அடியில் நிறுத்தினார். காலை நேரத்துக் கேமரன் மலைத் தண்ணீர், எலும்பில் போய்க் குத்தும். யாரோ ஓடிப்போய்த் துணி துவைக்கிற சவர்க்காரக் கட்டியைக் கொண்டுவந்தார்கள். யாரோ என்று சொன்னாலும் அது கங்காணிதான், முழங்கால் வலியோடு. தலை, காது, நகக்கண், விரலிடுக்கு என்று அப்பா தேய்த்தார். கழுவினார், மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். மூன்றாவது முறையும் தேய்த்தார். என்னைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நீயும் தின்றாயா, நிஜமாகவே தின்னவில்லையா என்று. தோட்டத்துக் கொழுந்தைத் திருடினேனா என்று விசாரிக்கிறார் என்று நினைத்து நான் ரோஷத்தோடு இல்லை என்றேன். ஆறேழு பேர் பார்க்க அம்மணமாக நிற்பதும், அந்தக் குளிரும், எல்லாமே எனக்கான தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

தம்பியைத் துரையே ஜீப்பில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். அம்மாவும் அப்பாவும் கூடப் போனார்கள். என்னை அத்தையிடம் விட்டார்கள். தம்பிக்கு மட்டும் ஜீப் கிடைத்ததே என்று எனக்கு வருத்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாளில் அவன் திரும்பி வந்தான். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள்; சிரம்பான் பக்கம் இருக்கிறான், ஒரு குறையுமில்லை. வந்த அன்றே, ஒரு கைப்பிடி தின்றேனே, என்னைக் கொள்ளைக்காரனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். சேர்த்துக்கொள்ளக் கப்பல் இருக்கவில்லை. கிராணி வீட்டு ஜன்னலை எங்களுக்குச் சாத்திவிட்டார்கள். தொடக்கம் தெரியாத அந்தப் படத்தின் முடிவும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

கொடி மட்டும் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் ஏழாம் மலையின் வாயிலில் நட்டுவிட்டார். கரித்தொப்பியையும் சிரிப்பையும் அவர் அழிக்கவில்லை. அது முழுசாக ஏழு நாள் அங்கே நின்றது, யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. அதன் பிறகு எந்த மலையிலும் ஏழு நாளுக்கு முன் பெண்கள் கூடையை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கேப்டன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு மலையையே பிடித்துவிட்டோம் என்று ரகசியமாகச் சொன்னாள். அது உண்மைதான் என்று நானும் நம்பினேன்.

அடுத்த மாதம் அப்பாவை மருந்து வேலையிலிருந்து எடுத்துச் செடிகளைக் கவாத்து வெட்டப் போட்டார்கள். துரை தண்டித்துவிட்டார் என்று லைனில் பேச்சு. அப்பாவே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அம்மா சொன்னாள். அவர் மறுபடி டேங்கைத் தொடவில்லை.

எனக்குப் பதினைந்து வயதானபோது ஒருநாள் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். சனிக்கிழமை அந்த மலையில் மருந்து அடித்தது மெய். அடித்து முடித்து அப்பா கொடியை நடப் போனபோது, திங்கட்கிழமை அங்கே கொழுந்து எடுத்தாக வேண்டும், கொடி வேண்டாம் என்று கங்காணி வழியாக உத்தரவு வந்திருக்கிறது. ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள் என்பதால் அவர் கொடியோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். அத்தையும் மற்றவர்களும் அந்த மலைக்குள் இறங்கப்போகிறார்கள் என்று தெரிந்தும், தன் பெண்சாதியை மட்டும் வேலைக்குப் போக வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அவருக்கு வாய் வரவில்லை. இதை அம்மா குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னாள்.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. என் கொடியால் அப்பாவின் மருந்து வேலை போய்விட்டது, அது மட்டும்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் உட்கார்ந்து கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். கப்பல் பிள்ளைகள் கருவாட்டுக்காரியிடம் செய்வதைப் போல இடுப்பை வளைத்துக் குனிந்து, இனிமேல் கொடியைத் தொடமாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா என்றேன். அவர் தீட்டுவதை நிறுத்தினார். கத்தியைக் கீழே வைத்தார்.

“கொடி வைக்க வேணாம்னாங்க,” என்றார். “நானும் வைக்கல. நீ வச்ச.”

நீ வச்ச என்றதைக் குற்றச்சாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அழ ஆரம்பித்தேன். அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து என் தலைமேல் கையை வைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. நான் எவ்வளவு பெரிய தவறைச் செய்திருந்தால் மன்னிக்கும்போது அவரே அழுவார் என்று நினைத்தேன். அன்றைக்கு அந்த வாசலில் மன்னிப்புக் கேட்டது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.